தீபாவளிக்குப் பிறகு விடியற்காலையில் ஓடாதீர்கள்

டெல்லியில் டிரையத்லானுக்குத் தயாராகும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



கோவா டிரையத்லானுக்குப் போய்வந்தவர்களுக்கு முதலில் வாழ்த்து. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அதன் மேல் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கழுத்தில் பதக்கம். ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் குடியிருந்துகொண்டு, நொய்டாவுக்கும் குர்கானுக்கும் வேலைக்குப் போய்வந்துகொண்டு, நீச்சல் குளத்தில் மட்டுமே பழகிவிட்டு மீராமார் கடற்கரையில் அலைக்குள் இறங்குவது சாதாரணக் காரியமில்லை. டெல்லியில் ஓடும் ஆறு யமுனை. அதில் கால் நனைக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாழ்த்து முடிந்தது. உங்களில் பாதிப்பேர் ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானுக்கோ சென்னை மாரத்தானுக்கோ பெயர் கொடுத்திருக்கிறீர்கள். இன்னும் சிலர் பிப்ரவரி டெல்லி மாரத்தானையும் விடுவதாயில்லை. அதற்கான நீண்ட ஓட்டங்களெல்லாம் நவம்பர், டிசம்பர் ஞாயிறுகளில், காலை ஐந்து மணிக்கு, டெல்லியில். அதை நிறுத்தச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விடியலுக்கு முன் எழுவது நம் ஊர்ப் புத்தி. சென்னையில் அது சரி. ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிற ஊரில், நாலரைக்கு பெசன்ட் நகரில் ஓடத் தொடங்குபவர்தான் கெட்டிக்காரர். மார்கழி என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்துக் காற்றுக்கே ஒரு விசேஷம் உண்டென்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டெல்லியில் கணக்கு தலைகீழ். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று சட்டிக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்கிறது. இரவெல்லாம் ஓடிய லாரிகளின் புகை, வைக்கோல் எரித்த வயல்களின் புகை, கட்டட வேலைத் தூசி எல்லாம் மேலே போக வழியில்லாமல் நம் மூக்கு மட்டத்திலேயே நிற்கின்றன. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கலையும். நவம்பர் முதல் ஜனவரி வரை, ஒரு நாளில் ஓரளவு தேவலாம் என்கிற நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு. நாம் தேடிப் பிடித்திருக்கும் ஐந்து மணி, இருப்பதிலேயே மோசமான நேரங்களில் ஒன்று.

ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி டிசம்பர் மாதக் காலையில் ஓடியவர்களுக்குத் தெரியும். தலையில் மாட்டிய விளக்கைப் போட்டால் வெளிச்சம் தரையில் விழாது, முகத்துக்கு முன்னாலேயே வெள்ளையாக நிற்கும். அதைப் பனி என்கிறோம். பாதிதான் பனி. வழியில் காவலாளிகள் சுள்ளி, அட்டைப்பெட்டி, கிழிந்த பிளாஸ்டிக் என்று கிடைத்ததைக் கொளுத்திக் குளிர்காய்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் புகைக்குள் நுழைந்து வெளியே வருகிறோம். கொஞ்ச தூரத்தில் தொண்டை கரகரக்கத் தொடங்கும். முடிந்ததும் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கருப்பு. பிறகு டீயும் பிரெட் பக்கோடாவும். அன்று மாலை முழுக்க வறட்டு இருமல். அதற்கு "சீசன் மாறுதுல்ல" என்று ஒரு சமாதானம்.

அந்தக் காவலாளிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பன்னிரண்டு மணி நேரம் அந்தக் குளிரில் நிற்பவர்கள் அவர்கள். குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டும் என்று தலைநகரின் மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமான 'கிராப்'பிலேயே இருக்கிறது. நாம் ஒரு பந்தயத்துக்குக் கட்டுகிற பணத்தில் எத்தனை ஹீட்டர் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் காலனி வாசலிலிருந்தே தொடங்கலாம்.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். வேகமாக ஓடும்போது அது அறுபது, எண்பது என்று போகும், சிலருக்கு நூறையும் தாண்டும். அதையும் வாய் வழியாக இழுக்கிறோம். மூக்கு செய்கிற கொஞ்சநஞ்ச வடிகட்டலும் போயிற்று. பி.எம். 2.5 என்கிற நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வரையறை. நம் நாட்டுச் சட்டம் 60 வரை விடுகிறது. நவம்பர் மாத டெல்லி விடியலில் 300ஐத் தாண்டுவது செய்தியே இல்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மாசு இருக்கிறது என்று உடற்பயிற்சியை விட்டுவிடுவதுதான் பெரிய கேடு என்று டாக்டர்கள் சொல்வது உண்மை. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். உலகத்தின் பெரும்பாலான ஊர்களில் சைக்கிள் ஓட்டுவதால் வரும் நன்மை, அந்த நேரத்தில் சுவாசிக்கும் மாசின் தீமையைவிட அதிகம் என்று வந்தது. டெல்லியில்கூட வாரத்துக்கு ஐந்து மணி நேரம் தாண்டினால்தான் தீமை முந்தும் என்றார்கள். பக்கத்து மார்க்கெட்டுக்கு சைக்கிளில் போகிறவருக்கு இது நல்ல சேதி. வாரத்துக்குப் பத்து மணி நேரம் பயிற்சி செய்கிற நமக்கு? அதுவும் ஆண்டு முழுவதற்குமான சராசரி மாசை வைத்துப் போட்ட கணக்கு. நவம்பரை மட்டும் தனியே எடுத்தால் வரம்பு இன்னும் கீழே இறங்கும்.

செல்போனில் காற்றுத் தரக் குறியீடான ஏ.க்யூ.ஐ. பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம் என்பீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலையில் வெளியிடும் எண், கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. நேற்றுப் பிற்பகல் நன்றாக இருந்ததும் அதில் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது இந்த நேரத்தின் பி.எம். 2.5, அதுவும் நாம் ஓடும் இடத்துக்குப் பக்கத்து நிலையத்தில். ஆர்.கே.புரம், சிரி ஃபோர்ட், லோதி ரோடு எல்லா இடத்திலும் நிலையம் உண்டு. நாம் சுற்றிச் சுற்றி ஓடும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்திலேயே ஒன்று இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்திய ஏ.க்யூ.ஐ. 500ஓடு நின்றுவிடும். அதற்கு மேல் காற்று எவ்வளவு கெட்டாலும் எண் ஏறாது.

பெரிய பந்தயக்காரர்களுக்கே இது புரிய நாளாயிற்று. 2017 நவம்பரில் டெல்லி அரை மாரத்தானைத் தள்ளிவையுங்கள் என்று இந்திய மருத்துவச் சங்கம் கேட்டது, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் 19ஆம் தேதி ஓட்டம் நடந்தது. இரண்டு வாரம் கழித்து டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இலங்கை கிரிக்கெட் வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு களத்தில் நின்றார்கள், சுரங்க லக்மல் வாந்தி எடுத்தார், ஆட்டம் நின்று நின்று நடந்தது. நாடகம் போடுகிறார்கள் என்று இங்கே பலர் கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டு அரை மாரத்தான் சத்தமில்லாமல் அக்டோபருக்கு நகர்ந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சேன் நதித் தண்ணீர் சரியில்லை என்று ஆண்கள் டிரையத்லானையே ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். உலகமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பந்தயம் அது. நம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைத் தள்ளிவைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

"மூன்று மாதம் விட்டால் ஃபிட்னஸ் எல்லாம் போய்விடும் சார்" என்று ஒரு தம்பி சொன்னார். இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் 1980களில் அடுத்தடுத்துச் சில சோதனைகள் செய்தார். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரம் சிலரைக் கடுமையாகப் பழக்கினார். பிறகு ஒரு சோதனையில் நாட்களைக் குறைத்தார், இன்னொன்றில் நிமிடங்களைக் குறைத்தார். இந்த இரண்டிலும் பயிற்சியின் கடுமையை மட்டும் தொடவில்லை. வாரத்துக்கு இரண்டே நாள் செய்தவர்களுக்கும், ஒரு நாளைக்கு 13 நிமிடம் மட்டும் செய்தவர்களுக்கும் ஆக்சிஜன் எடுக்கும் திறன் அடுத்த 15 வாரமும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. 13 நிமிடக்காரர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். வேறொரு சோதனையில் மணிக்கணக்கைக் குறைக்காமல் கடுமையைக் குறைத்தபோதுதான் அந்தத் திறன் சரிந்தது. நவம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரிக் கடைசி வரை பதின்மூன்று வாரம். வீட்டுக்குள் டிரெய்னர் ஸ்டாண்டில் சைக்கிளைப் பூட்டி, வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நேரம் மூச்சு முட்ட மிதித்தால் போதும். மற்ற நாட்களில் வெயிட் தூக்குங்கள். டிரையத்லான்காரர்கள் ஜென்மத்துக்கும் தள்ளிப்போடுகிற வேலை அது. இடுப்பும் கெண்டைக்காலும் வலுவானால் அடுத்த வருஷம் முழங்கால் வலி வரும் வாய்ப்பு குறையும்.

ஜன்னலை மூடிவிட்டால் அறை சுத்தம் என்று நினைக்காதீர்கள். காற்றுச் சுத்திகரிப்பான் ஓடினால்தான் சுத்தம். ஜிம்மில் பணம் கட்டும் முன் டிரெட்மில் எத்தனை என்று கேட்பதைவிட, சுத்திகரிப்பான் உண்டா, வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். திறந்தவெளிக் குளங்கள் குளிர்காலத்தில் மூடிவிடும். தல்கதோரா போலக் கூரையுள்ள இடங்களில் இடம் கிடைத்தால் நீச்சல் நுணுக்கத்தைச் சரிசெய்ய இதைவிட நல்ல காலம் கிடையாது. என்95 போட்டுக்கொண்டு ஓடலாமே என்றால், நடக்கலாம், கடைக்குப் போகலாம். வேர்த்து நனைந்த முகமூடியோடு இருபது கிலோமீட்டர் ஓடி முடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லோரும் மூன்றாவது கிலோமீட்டரில் தாடைக்கு இறக்கிவிடுகிறார்கள்.

இனி உடம்பு தேறுவதைப் பற்றி. 

டெல்லிக்கு அக்டோபர் டெங்கு மாதம். செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் வரை இழுக்கும். கோவாவுக்கான உச்சப் பயிற்சியும் அதே வாரங்களில்தான். பிளேட்லெட் ஏறிவிட்டது என்று ரிப்போர்ட் வந்த மறுநாளே ஷூவை மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளேட்லெட் ஏறுவது ஆபத்து கடந்ததற்கு அடையாளம். உடம்பு பழையபடி ஆனதற்கு அடையாளம் வேறு. டெங்குவுக்குப் பிறகு வாரக்கணக்கில் அசதி இருப்பது சகஜம், சிலருக்கு இதயத் தசையிலும் வீக்கம் வருவதுண்டு. டாக்டர் சொன்ன பிறகு நடையில் தொடங்குங்கள். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன், நாடித்துடிப்பை எண்ணிப் பழகுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்தால் அன்று விடுமுறை. காய்ச்சலுக்கு மட்டுமல்ல, தூக்கம் கெட்ட மறுநாளுக்கும் அலுவலகத்தில் வறுபட்ட மறுநாளுக்கும் இதே விதி. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய கைக்கடிகாரம் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வலி மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பந்தயத்துக்கு முன்னால் 'முன்னெச்சரிக்கையாக' ஒரு டைக்ளோஃபினாக், பாதி வழியில் ஒரு ஐபுபுரூஃபன் என்று போட்டுக்கொள்கிறீர்கள். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வேர்த்து வறண்ட உடம்பில் ஏற்கெனவே அங்கே ரத்தம் குறைவாகத்தான் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் பதக்கத்தோடு டயாலிசிஸ் வார்டுக்குப் போக நேரலாம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகு இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நாம் கழுகு இல்லைதான், அதற்காக மிட்டாய்போல விழுங்க வேண்டியதில்லை. டெங்கு என்று சந்தேகம் இருந்தால் ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கிட்டவே வரக்கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். தசை தேறுவது தூக்கத்தில்தான். ஏழு மணி நேரம் தூங்கமுடியாத நாளில் காலைப் பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

சாப்பாட்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 65 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 80 கிராம். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சேர்ந்தால் ஏறக்குறைய பத்து கிராம்தான். இட்லியை விடச் சொல்லவில்லை, ஓடுவதற்கு முன் அதைவிட நல்ல உணவு கிடையாது. ஓடி முடித்த பிறகு அதன் பக்கத்தில் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ பனீரோ வையுங்கள். தெருவுக்குத் தெரு பிகார்க்காரர்கள் தள்ளுவண்டியில் கரைத்துத் தரும் 'சத்து' என்கிற பானம், வறுத்த கடலை மாவுதான். எலுமிச்சையும் உப்பும் வெங்காயமும் போட்டு ஒரு டம்ளர் குடித்தால் டப்பா பவுடருக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

குழுவில் உள்ள பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்குகிறது, வேகம் குறைந்துகொண்டே போகிறது என்றால் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்வது மருந்தல்ல. ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள். சாப்பாட்டோடு ஃபில்டர் காபி வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். மாதவிலக்கு நின்றுபோனால் அதை நல்ல பயிற்சியின் அடையாளம் என்று எந்தக் கோச்சாவது சொன்னால் அந்தக் கோச்சை மாற்றுங்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை, எலும்பு தேய்கிறது என்பதன் அறிகுறி அது.

அப்படியானால் டெல்லியில் எப்போதுதான் பயிற்சி செய்வது? பிப்ரவரியும் மார்ச்சும் நமக்குக் கிடைத்த பொக்கிஷம், நீண்ட ஓட்டங்களை அங்கே வையுங்கள். ஏப்ரலிலிருந்து விடியற்காலைப் பழக்கம் மறுபடி சரியாகிவிடும். வெயிலும் வாகனப் புகையும் சேர்ந்து பிற்பகலில் ஓசோனை உண்டாக்கும் என்பதால், கோடையில் மாலையைவிடக் காலையே மேல். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாளாகும், முதல் வாரத்திலேயே வேகம் காட்ட வேண்டாம். மழை வந்து தூசியைக் கழுவிவிட்ட ஜூலை, ஆகஸ்டில் சைக்கிளுக்கு நல்ல காற்று கிடைக்கும், வேர்வைதான் வழியும். சைக்கிள்காரர்களுக்கு நவம்பரைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 நவம்பரில் மகிபால்பூர் அருகே நெடுஞ்சாலையில் காலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சொகுசு கார் மோதி இறந்தார். எந்த மாதத்திலும் ஆபத்தான சாலை அது. புகையும் பனியும் கலந்த இருட்டில் உங்கள் பின்விளக்கு எத்தனை அடிக்குத் தெரியும் என்று ஒருநாள் நண்பரை நிற்கவைத்துப் பாருங்கள்.

இந்தக் கால அட்டவணைக்கு கோவா பந்தயம் அழகாகப் பொருந்துகிறது. எட்டு மாதம் உழைத்து, பந்தயத்தை முடித்து, காற்று கெடும்போது ஓய்வுக்குப் போகலாம். பொருந்தாதது ஜனவரி மாரத்தான்தான். மும்பைக்குப் பணம் கட்டியாயிற்று என்பவர்கள் போய்வாருங்கள், நேரக் குறிக்கோளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு. அடுத்த ஆண்டு பெயர் கொடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

என் யோசனை இதுதான். தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து ஜனவரிக் கடைசி வரை ஞாயிறு சந்திப்பைப் பிற்பகல் இரண்டரைக்கு மாற்றுவோம். பக்கத்து நிலையத்தில் அந்த நேரத்து பி.எம். 2.5 நூறுக்குக் கீழே இருந்தால் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நாற்பது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நூறைத் தாண்டினால் ஓட்டம் ரத்து, அவரவர் வீட்டு டிரெய்னர். ஆஸ்துமா உள்ளவர்களும் இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர வேண்டாம், அவர்களுக்கு அவர்கள் டாக்டர் சொல்வதே வரம்பு. ஒப்புக்கொள்கிறவர்களும் ஒப்புக்கொள்ளாதவர்களும் வரும் ஞாயிறு இரண்டரைக்கு நேரு பார்க் வாசலுக்கு வாருங்கள். சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம். சுண்டல் என் பொறுப்பு.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஆர்.கே.புரத்துக்காரன்